ஆனைக்கல் இடது கைப்பக்கம்

எங்கள் அப்பா வீரையா மீனை நிறுப்பதற்கு முன்னால் கடலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுவார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், மரக்கறிக் கடைகள் முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட சின்ன மீன்கடை அவருடையது. ஒரு பாரையைப் பலகையில் கிடத்தி, செவுளை விரலால் தூக்கிச் சிவப்பைக் காட்டிக்கொண்டே தொடங்குவார்.

"எங்க ஊரு மீனுங்க இது. கருங்கல்குடா. திருகோணமலைப் பக்கம். போய் எறங்குனா நேரா புன்னை மரத்தடியில புள்ளையாரு. இடது கைப்பக்கம் ஆனைக்கல்லு. ஆனை மண்டி போட்டுத் தண்ணி குடிக்கிற மாதிரியே இருக்கும். வலது கைப்பக்கம் வெள்ளைப் பள்ளிவாசல். ரெண்டுக்கும் நடுவுல தண்ணி. சத்தமே போடாதுங்க."

வாங்க வந்தவர்கள் விலை கேட்க மறந்து நிற்பதைச் சிறு வயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். கீழே மகாவலி மண் நிறத்தில் போய்க்கொண்டிருக்கும். பாலத்தின் மேல் பஸ்கள் ஹோன் அடிக்கும். அப்பாவின் பலகையைச் சுற்றி மட்டும் ஒரு நீலக் குடா கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும்.

அந்தக் காலத்தில் அப்பா கடலைப் பார்த்ததே இல்லை.

அவர் பிறந்தது ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். இளவயதில் டவுனுக்கு வந்து, இந்த மீன்கடையில் ஐஸ் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். கடைக்காரர் வயதாகி ஒதுங்கியபோது பலகையும் தராசும் அப்பா கைக்கு வந்தன. முதல் நாள் வந்த ஓர் அம்மாள் ஊரைக் கேட்டாள். அப்பா உண்மையைச் சொன்னார். "தோட்டத்து ஆளுக்குக் கடல் மீனப் பத்தி என்ன தெரியும்? கொழுந்து நிறுக்கிற மாதிரி நிறுத்துத் தள்ளிருவ" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கடைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்தவர் புடவைக்கடை தியாகராஜா முதலாளி. அவரும் ஊரைக் கேட்டார். அப்பாவின் வாயில் கருங்கல்குடா வந்துவிட்டது.

முதலாளி ஒரு பெரிய அறக்குளா மீனை முழுசாக வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அதுதான் அப்பாவின் ஊர்.

அந்தப் பெயரை அவருக்குக் கொடுத்தவர் முனாஸ் மாமா. திருகோணமலையிலிருந்து மீன் லொறி ஓட்டி வருகிறவர். கருங்கல்குடாவில் பிறந்து, சின்ன வயதிலேயே கடலுக்குப் போய், யுத்த காலத்தில் படகு இறக்க விடாத நாட்களில் லொறிக்கு வந்தவர். விடியற்காலையில் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிகளை இறக்கியதும் அவரும் அப்பாவும் பிளேன்டீ குடிப்பார்கள். அப்போது முனாஸ் மாமா ஈரப் பலகையில் விரலால் ஒரு வளைவு இழுத்து, "இஞ்ச பாருங்க மச்சான்" என்று தொடங்குவார். ஆனைக்கல், பள்ளிவாசல், புன்னை மரம். எந்த மாதத்தில் எங்கே சாளை வரும், எந்த வீட்டு முற்றத்தில் கருவாடு காயும், கரைவலை இழுக்கும்போது யார் குரல் முந்திக் கேட்கும். அப்பா தேநீரை ஆற விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு ஐஸ் உருகி அந்தக் கோடுகள் அழிந்துவிடும். மறுநாள் முனாஸ் மாமா திரும்பவும் இழுப்பார்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவள் பெயர் மாரியாயி. அவளும் அதே தோட்டத்துக்காரிதான். அப்பா வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, "என்னாங்க, ஹுன்னஸ்கிரியக் கடல்ல இன்னைக்கு அலை எப்பிடி?" என்று கேட்பாள்.

"சும்மா இரு புள்ள. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டுமே. மீன் நாத்தம் அடிக்கிற ஆளு கடற்கரைக்காரன்னுதான நெனைப்பாங்க."

எனக்கு மட்டும் நெடுநாள் தெரியாது. ஆனைக்கல்லைப் பள்ளிக்கூடச் சித்திரப் பாடத்தில் வரைந்து பாராட்டு வாங்கியிருக்கிறேன். மார்கழியில் காலையில் கதவைத் திறந்தால் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிறைந்திருக்கும். எதிர்க்கரை மலைகளின் உச்சி மட்டும் வெளியே நிற்கும். அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "யசோ, கடலு இப்பிடித்தாம்மா இருக்கும். அந்தா பாரு, அது ஆனைக்கல்லு" என்று ஒரு மலையைக் காட்டுவார். வெயில் ஏறினால் பனி வற்றும். மலைக்குக் கீழே வீடுகளும் ரோட்டும் வந்துவிடும். எனக்கு அழுகை வரும்.

தெல்தெனியாப் பக்கம் பஸ்ஸில் போகும்போது விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும் இடத்தில் அவர் ஜன்னலோரம் சாய்ந்துகொள்வார். "இது கடலோட குட்டி" என்பார். தாயைப் பார்த்தவர் போலத்தான் சொல்வார்.

அப்பாவின் சித்தப்பா ஒருவர் இறந்து தோட்டத்துக்குப் போன அன்றுதான் எனக்கு விளங்கியது. லயத்து ஆட்கள் எல்லாரும் "வீரையா, வீரையா" என்று அவர் தோளைப் பிடித்தார்கள். ஒருவர், "நீ பொறந்த காம்பராவுல இப்ப மழை ஒழுகுதுடா" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீர்த்தேக்கம் வந்தது. அவர் அதைப் பார்க்காமல் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு முனாஸ் மாமா இறந்து போனார். ஒரு விடியற்காலையில் லொறியை வேறொருவர் ஓட்டி வந்தார். நெஞ்சுவலி, நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கியாகிவிட்டது என்று பெட்டிகளை இறக்கிக்கொண்டே சொன்னார். அப்பா இரண்டு பிளேன்டீ வாங்கி வைத்திருந்தார். இரண்டும் பலகையில் அப்படியே இருந்தன. புதிய சாரதி உட்கார்கிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகு கருங்கல்குடா வளரவில்லை. புதிதாக எந்த வீடும் அதில் வரவில்லை, எந்தக் கிழவரும் யாரோடும் சண்டை போடவில்லை. அப்பா பழையதையே சொல்லிக்கொண்டிருந்தார். சில நாட்கள் வாங்க ஆள் இல்லாதபோதும் பலகையில் விரலால் அந்த வளைவை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படியிருக்கும்போதுதான் கோயில் சபை திருக்கோணேஸ்வரத்துக்குப் பயணம் போட்டது. நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். சபையின் செயலாளர் தியாகராஜா முதலாளி. கடைக்கு வந்து, மீனைக் கிள்ளிப் பார்த்தபடியே சொன்னார்.

"வீரையா, கோணேசரைக் கும்பிட்டுட்டு அப்பிடியே ஒங்க ஊருக்கும் போறோம். இத்தன வருஷமா ஆனைய வச்சே எங்களுக்கு மீன் வித்துட்டீங்க. ஆனையப் பாக்காம விட்டா நல்லா இருக்காது. நீங்கதான் வழிகாட்டி."

அப்பா சிரித்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காய்ச்சல் என்றார். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மீனு மாதிரி சில்லுனு இருக்கீங்க. எந்திரிங்க."

"போனா தெரிஞ்சிரும் புள்ள. தோட்டத்தான் ஏமாத்திட்டான்னு சொல்லுவாங்க. அதுக்கப்பறம் அந்தப் பலகையில யாரு மொகத்தப் பாத்து நான் நிக்கிறது?"

"தெரிஞ்சா தெரியட்டும். கடல் மீன வெட்டி வெட்டி ஒங்களுக்குக் கை ரேகையே போச்சு. ஒரு தடவ அந்தக் கடலப் பாத்துட்டுத்தான் வாங்களேன்."

போனோம். அதிகாலையில் திருகோணமலை. கோட்டை வாசலுக்குள் மான்கள் மனிதர்களைச் சட்டை செய்யாமல் பழத்தோல் தின்றுகொண்டிருந்தன. மலையேறிக் கும்பிட்டு முடிந்து, எல்லாரும் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா பின்னால் நின்றார். பிறகு மெதுவாக வந்து கம்பியைப் பிடித்தார்.

கீழே கடல் இருந்தது. அவ்வளவு கீழே, அவ்வளவு நிறைய. பாறையின் காலில் வெள்ளையாக உடைந்து, சத்தம் கொஞ்சம் தாமதமாக மேலே வந்தது. அப்பாவால் வாய்விட்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. கடற்கரை ஊர்க்காரர் கடலைப் பார்த்து அதிசயப்படக் கூடாதல்லவா? கம்பியைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. அம்மா அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"வாய மூடுங்க. முதலாளி பாக்குறாரு."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் கருங்கல்குடாவுக்குத் திரும்பியது. பனையும் உடைமரமும் உள்ள மணல் பாதை. பாதை முடிகிற இடத்தில் இறங்கினோம். நேராக எதிரே புன்னை மரம். அதன் அடியில் சின்னப் பிள்ளையார் கோயில், திருநீறும் உப்பும் படிந்து. அப்பாவின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன்.

"நான் சொன்னனா இல்லியா?" என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "வாங்க, வாங்க. இடது கைப்பக்கம் ஆனைக்கல்லு."

கோயிலுக்காகப் பட்டுடுத்திய பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்பா முன்னால் போனார். மணல் காலை இழுத்தது. ஓலைக் கொட்டில்கள், குவித்த வலைகள், கவிழ்த்த படகுகள் எல்லாம் கடந்து போனோம். கடைசியில் ஒரு வெள்ளை மினாரா வந்தது. அதற்கப்பால் வெறும் கரைதான். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள்.

"ஆனை எங்கய்யா, குளிக்கப் போயிருச்சா?" என்றார் முதலாளி. சிரிப்பு எழுந்தது.

அப்பா திரும்பிக் குடாவின் மறு முனையைப் பார்த்தார். அங்கே கறுப்பாக ஒரு பாறைக் குவியல் தெரிந்தது. கடலைப் பார்த்து நின்றால் அது வலது பக்கத்தில் இருந்தது. அதற்குத் தும்பிக்கையும் இல்லை, முதுகும் இல்லை. ஒரு லொறிக் கல்லைக் கொட்டிவிட்டுப் போனது மாதிரி கிடந்தது.

"அதுவா? அது ஆனைன்னா எங்க வீட்டு அம்மிக்கல்லு குதிரை" என்று யாரோ சொன்னார்கள்.

அப்பாவின் உதடு அசைந்தது. இடது, வலது என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை வருடமும் கையில் வைத்திருந்த ஊர் அவர் கண் முன்னால் திரும்பிக் கிடந்தது.

பள்ளிவாசலுக்கு அடுத்த வளவிலிருந்து ஒரு பெண் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஐம்பது வயது தாண்டியிருக்கும்.

"ஆரத் தேடுறீங்க?"

முதலாளி முந்திக்கொண்டார். "நாங்க யாரையும் தேடலம்மா. இவரு இந்த ஊருக்காரருதான். வழி மறந்துட்டாரு போல."

அவள் அப்பாவை உற்றுப் பார்த்தாள். "இந்த ஊரா? ஆருட மகன்?"

அந்தக் கரையில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான் அது. அப்பாவுக்கு அந்த ஊரில் எத்தனையோ பெயர்கள் தெரியும். சின்ன வயதில் ஊரை விட்டுப் போன யாரோ ஒருவரின் மகன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். முதலாளியும் நம்பியிருப்பார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கீழே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"நான் இந்த ஊரு இல்லீங்க. கட்டுகஸ்தோட்டையில மீன்கடை வச்சிருக்கேன். பொறந்தது ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துல. இங்க முனாஸ் நானான்னு ஒருத்தரு இருந்தாரு. லொறி ஓட்டுனவரு. அவரு சொல்லித்தான் எனக்கு இந்த ஊரு."

யாரும் சிரிக்கவில்லை. அலை ஒன்று வந்து திரும்பிப் போனது.

"வீரையாவா?" என்றாள் அந்தப் பெண். "கண்டி வீரையா? நான் கைரியா. அவருட பொஞ்சாதி."

அப்பா சுருட்டிய துவாயைத் திரும்பத் தோளில் போட்டார். அவளே பேசினாள்.

"அவர் வீட்டுக்கு வந்தா ஒங்கட கதைதான். லயத்து வாசல்ல பனி வந்து நாய் மாதிரிப் படுத்துக் கிடக்குமாமே? காலால தள்ளிட்டுத்தான் கதவத் திறக்கணுமாமே? பொண்டுகள் கூடையோட போனா கொஞ்ச நேரத்துல கால் தெரியாது, பேச்சு மட்டும் கேக்குமாம். ஒருக்காக் கூட்டிட்டுப் போறன் எண்டு சொல்லிச் சொல்லியே போயிட்டார்."

பலகைக்குப் பின்னால் நின்று எல்லாரிடமும் மறைத்த ஊரை, அப்பா பிளேன்டீ நேரத்தில் ஒருவரிடம் மட்டும் முழுதாகக் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அப்பாவின் லயம் இந்தக் கடற்கரை வளவில் பத்திரமாக இருந்தது.

அவளுடைய மகன் இன்ஷாப் படகடியிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மாமா, கரையில நிண்டு தேடினா ஆனை எப்பிடித் தெரியும்? வாப்பா கடலுக்குள்ள இருந்துதான் ஊரைச் சொல்லுவார். தொழிலுக்குப் போய்த் திரும்பி வாறவனுக்குத்தான் அது இடது கை. ஏறுங்க போட்டுல."

அம்மா வர மறுத்தாள். "நீங்க போங்க. நான் இங்க இருந்தே ஒங்களப் பாத்துக்கிறேன். ரெண்டு பேரும் முழுகுனா சோறாக்க ஒரு ஆளு வேணுமில்ல?"

நானும் அப்பாவும் ஏறினோம். படகு அலையில் எழும்பி விழுந்தபோது அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். என் முழங்கையைப் பிடித்த பிடியில் மறுநாளும் வலி இருந்தது. கரையின் பேச்சுச் சத்தம் குறைந்தது. பிறகு இல்லாமல் போனது. இன்ஷாப் எஞ்சினை நிறுத்தினார். படகு தானாக மெதுவாகத் திரும்பியது.

"இப்ப பாருங்க மாமா."

வெயில் கரைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில், கறுப்பாக, ஒரு ஆனை முன்னங்காலை மடித்துத் தண்ணீருக்குக் குனிந்திருந்தது. தும்பிக்கையின் நுனி கடலுக்குள் இருந்தது. காதின் மடிப்பு கூடத் தெரிந்தது. வலது பக்கத்தில் வெள்ளை மினாரா, உச்சியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம். நடுவில் புன்னை மரம். அதன் கீழே சின்னப் புள்ளிகளாக எங்கள் ஆட்கள். ஒரு புள்ளி சிவப்பு. அது அம்மாவின் சேலை.

அப்பா எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தார். வலது கையை நீட்டி, ஈரப் பலகையில் செய்வது போலவே, காற்றில் அந்த வளைவை ஒரு முறை இழுத்தார். விரல் ஆனையில் தொடங்கி மினாராவில் முடிந்தது. எதுவும் இடம் மாறியிருக்கவில்லை.

"முனாஸ் நானா தெனம் தெனம் வீட்டுக்கு வந்துக்கிட்டே இருந்திருக்காரு" என்றார். "எனக்குத்தான் தெரியல."

இன்ஷாப் முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சின் கயிற்றைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தோம். தண்ணீர் படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. உண்மையாகவே வேறு சத்தம் இல்லை.

இருட்டிய பிறகு பஸ் ஊருக்குத் திரும்பியது. மாத்தளை தாண்டியதும் தியாகராஜா முதலாளி எழுந்து வந்து அவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வீரையா."

"சொல்லுங்க முதலாளி."

"இவ்வளவு நாளும் நான் சாப்பிட்டது தோட்டத்து மீனா, கடல் மீனா?"

"கடல் மீனுதாங்க."

"அப்ப சரி" என்றார். போகும்போது, "ஆனை நல்லா இருந்துச்சாம்ல? ஒங்க பொண்ணு சொல்லிச்சு. என்னையும் ஏத்தியிருக்கலாம்" என்றார்.

மறுநாள் கடைப்பக்கம் அந்தச் செய்தி பரவியிருந்தது. சிலர் அடுத்த கடைக்குப் போனார்கள், உண்மைதான். சிலர் வேண்டுமென்றே வந்து, "மாலுமி, ஒரு கிலோ கும்பிளா" என்றார்கள். அப்பா தலையைக் குனிந்தபடி வெட்டிக் கொடுத்தார். மதியத்துக்கு மேல் புதிதாக வந்த ஒருவர் ஊரைக் கேட்டார். அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் ஹுன்னஸ்கிரியத் தோட்டங்க. மீனு கருங்கல்குடா. போட்டுல இருந்து பாத்தா இடது கைப்பக்கம் ஆனைக்கல்லு..."

அதற்குப் பிறகு அப்படித்தான் சொன்னார். பனி நாய் போலப் படுத்திருப்பதையும் சேர்த்துக்கொண்டார். தோட்டத்திலிருந்து சொந்தக்காரர்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் அவர்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள், கடைப்பக்கம் வரக் கூடாது என்பது யாரும் சொல்லாத ஏற்பாடு. பல வருடங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில் அம்மாவிடம், "என்னையத் தோட்டத்துக்கே கொண்டு போயிருங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா வழக்கமான கேலியை விட்டுவிட்டு, அவர் போர்வையைச் சரிசெய்தாள்.

இந்த மாதத் தொடக்கத்தில் அப்படியே கொண்டு போனோம். தியாகராஜா முதலாளி கைத்தடியோடு வந்து, லயத்து வாசலில் போட்டிருந்த கதிரையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

அப்பாவை எடுப்பதற்கு முன் இன்ஷாப் வந்து சேர்ந்தார். மீன் லொறியில் கட்டுகஸ்தோட்டை வரைக்கும், அங்கிருந்து பஸ்ஸில். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் அவர் உடனே உள்ளே வரவில்லை. வாசலில் பனி இருந்தது. அன்று கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, படிக்கட்டு வரைக்கும் ஏறி அசையாமல் கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் அதை மெல்லத் தள்ளிப் பார்த்தார். பனி விலகி, திரும்பவும் அவர் காலடிக்கே வந்து படுத்தது.

"வாப்பா சொன்னது சரிதான்" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. "தங்கச்சி, ஒரு முனியாண்டி கோயில் இருக்கு எண்டு சொல்லுவார். மாமா சின்னதில ஏறி விளையாடின மரம் அதுக்குப் பக்கத்திலயாம். எந்தக் கைப்பக்கம்?"

இடது என்று சொல்ல வாயெடுத்தேன். பனிக்குள் அவர் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறார் என்று தெரியவில்லை. இறங்கிப் போய் அவர் பக்கத்தில், அவர் பார்க்கிற திசையைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"வலது" என்றேன்.